கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்

விருத்தாசலம் வந்த முதல் தீபாவளிக்கு வீட்டுக்கார அக்கா எனக்கு எடுத்துக் கொடுத்த சட்டைக்குள் நானும் என் மனைவியும் ஒரே சமயத்தில் நுழைந்திருக்கலாம். மேலே பாக்கெட்டில் ஒரு கைக்குழந்தைக்கும் இடம் இருந்தது.

"என்னக்கா, இவ்ளோ பெரிசா?"

"துவைச்சா சுருங்கும் சார்."

"சுருங்காத துணின்னு காலர்லயே போட்டிருக்குதே."

"போட்டவன் துவைச்சா பாத்தான்?"

சட்டை சுருங்கவில்லை. விருத்தாசலத்தில் இருந்த ஆண்டுகளில் நான்தான் மெல்ல மெல்ல அதற்குள் பரவி நிறைந்தேன். இன்று அதைப் போட்டால் வயிற்றுப் பட்டன் கொஞ்சம் இழுக்கிறது. அக்காவின் கணக்கு சரியா தப்பா என்று என் மனைவியிடம் கேட்டேன். "அவங்க துணியைப் பாத்து வாங்கல, உங்களைப் பாத்து வாங்கியிருக்காங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை நான் ஆராயவில்லை.

அக்கா எங்கள் வீட்டுக்காரர். நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம், அவர் கீழே. வீட்டுக்குப் பின்னால், ஒரு வேப்பமரம் தாண்டி, அவருடைய பீங்கான் பட்டறை. ஃபியூஸ் கட்டைகளும், ஹீட்டரில் கம்பிச்சுருள் சுற்றுகிற வெள்ளைக் கட்டைகளும் அங்கே செய்தார்கள். நான் மாற்றலாகி வந்திருந்த அரசு அலுவலகத்தின் ஃபியூஸ் கட்டைகூட அவருடைய சூளையில் வெந்ததுதான் என்று ஒருமுறை சொன்னார். அன்று முதல் மின்சாரம் போகும்போதெல்லாம் அலுவலகத்தில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பீங்கான் மண் ஈரத்தில் ஒரு அளவு, வெந்தபின் ஒரு அளவு. காய்ந்து, சூளைக்குள் போய், வெளியே வரும்போது எட்டில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். ஏழு அங்குலக் கட்டை வேண்டுமென்றால் எட்டு அங்குலத்துக்கு அச்சு செய்ய வேண்டும். இதைப் பட்டறையில் 'கூட்டிப் போடுறது' என்பார்கள். அந்த ஊரில் பீங்கான் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். மாலை ஆனதும் கையைக் கழுவிக்கொண்டு, கூட்டிப் போடுவதைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அக்கா மட்டும் அதை வீட்டுக்கும் எடுத்து வந்துவிடுவார்.

நாலு பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் ஆறு பேருக்கு உலை வைப்பார். "வரும்போது பசி நாலு பேருக்கு, உக்காந்தா ஆறு பேருக்கு சார்" என்பார். இந்த இடத்தில் பசி சுருங்காமல் ஏன் உப்புகிறது என்று நான் கேட்டதில்லை. சாப்பிடுகிற இடத்தில் தர்க்கம் பேசினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

மகன் கல்யாணத்துக்கு அவர் பிடித்த மண்டபத்தில் இரண்டு கல்யாணம் நடத்தலாம். பந்தியில் கடைசி வரிசை வரை இலை போட்டு, ஆளில்லாத இலைகளுக்கும் இனிப்பு வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் முழுவதும் எங்கள் தெருவில் யாருக்கும் காலை டிபன் சமைக்க வேண்டியிருக்கவில்லை. லட்டுதான்.

திட்டுவதிலும் கூட்டிப் போடுவார். பட்டறையில் ஒருவர் ஒரு தட்டு கட்டையைக் கீழே போட்டு உடைத்ததற்கு, ஒரு சூளையையே உடைத்தவரைத் திட்டுவது போல் திட்டினார். அந்த ஆள் போன பிறகு என்னிடம் திரும்பி, சாதாரணக் குரலில், "அம்மாம் கோவம் இல்ல சார். காதுக்குள்ள போறதுக்குள்ள கொறைஞ்சிடுதுல்ல, அதான்" என்றார்.

அவரிடம் யாராவது பாராட்டாகச் சொன்னால் மட்டும் கணக்கு தலைகீழாகிவிடும். கூட்டியிருப்பார்கள் என்று நினைத்து, எட்டில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் மீதியைக் காதில் வாங்குவார். என் கட்டுரை ஒன்று பத்திரிகையில் வந்து, ஆசிரியர் 'மிகச் சிறப்பு' என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். படித்துப் பார்த்து, "அப்ப சிறப்பு" என்றார். நான் அன்று 'மிக'வை இழந்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அக்கா குறைத்துச் சொல்வார். அது தனக்கு வேண்டியதைச் சொல்லும்போது. அதில் எட்டில் ஒரு பங்கு அல்ல, பாதிக்கும் கீழே போய்விடுவார். கம்ப்யூட்டர் விவகாரத்தில்தான் இதைக் கண்டுபிடித்தேன்.

அவருடைய மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மருமகள் இங்கே அக்காவுடன். எஞ்சினியரிங் படித்த பெண், இயந்திர வரைபடமெல்லாம் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரையத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு பட்டறைக்குள் போய் நின்று, கேள்வி கேட்டு, ஆறே மாதத்தில் மண்ணைத் தொட்டுப் பார்த்தே ஈரம் சொல்லக் கற்றுக்கொண்டாள். ஆனால் சும்மா நின்று பார்ப்பதற்கு யாரும் எஞ்சினியரிங் படிப்பதில்லையே. சென்னையில் ஒரு கம்பெனியில் வரைபட வேலை கிடைத்தது. மாதக் கடைசிக்குள் வந்து சேரச் சொன்னார்கள்.

அதே சமயத்தில் வேறொரு சென்னைக் கம்பெனி பட்டறைக்கு ஒரு புது வேலையைக் காட்டியது. துளைத் துளையாக ஒரு வட்டத் தட்டு, ஹீட்டருக்குள் வைப்பது. இதுவரை போல மாதிரிக் கட்டையைக் கையில் கொடுத்து 'இதே மாதிரி செய்யுங்க' என்கிற கதை இல்லை. முதலில் முப்பரிமாண வரைபடம் அனுப்ப வேண்டும், பிறகு அதிலிருந்து ஒரு மாதிரி. சரியாக இருந்தால் தொடர்ந்து வேலை. இல்லையென்றால் குஜராத்தில் செய்துகொள்வார்கள்.

மருமகள் தெளிவாகவே சொல்லிவிட்டாள். "அத்தை, இந்த வேலை வந்தா நான் இங்கயே இருந்து வரையறேன். எனக்கும் அதுதான் புடிச்சிருக்குது. வரலைன்னா சென்னைக்குப் போறேன். ஆனா என் பழைய லேப்டாப்புல இந்த சாஃப்ட்வேரைத் தொறந்தா, அது தொறக்கறதுக்குள்ள நான் சென்னைக்கே போயிட்டு வந்துடலாம்."

அக்கா மாடிக்கு வந்தார். "சார், வரையிறதுக்கு ஆளு தேடறது செரமம் சார். அதான். ஒரு கம்ப்யூட்டரு வாங்கிப் போட்டுட்டா அந்தப் பொண்ணு இருந்தா இருக்கட்டும்."

இருந்தா இருக்கட்டும். அந்தப் பெண் ஒரு நாள் அம்மா வீட்டுக்குப் போனாலே அக்கா வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பதை மாடியிலிருந்து பார்க்கிறவன் நான். அவர் குறைத்துச் சொல்கிற அளவை அன்றுதான் கண்டேன்.

என்னிடம் ஏன் வந்தார் என்றால், தெருவில் எனக்குக் 'கம்ப்யூட்டர் சார்' என்று பெயர். எங்கள் அலுவலகத்தில் பிரிண்டரில் காகிதம் மாட்டிக்கொண்டால் நான்தான் எடுப்பேன். அந்தத் திறமை ஊருக்குள் போகப் போகப் பெருகிவிட்டது; சுருங்காத பொருளும் உண்டு.

மருமகளுக்கு இந்த விஷயமெல்லாம் என்னைவிடத் தெரியும். கடையில் ரெடிமேடாக வாங்குவதைவிடத் தனித்தனியாக வாங்கிப் பூட்டினால்தான் வரைபட வேலைக்கு ஏற்றதாக இருக்கும் என்று அவள்தான் சொன்னாள். ஆனால் அதற்குள் நான் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டுகிற கேபினெட் பெட்டியை ஆன்லைனில் வாங்கிவிட்டிருந்தேன். கண்ணாடிப் பக்கம், உள்ளே நிறம் மாறுகிற விளக்கு. மனை வாங்குவதற்கு முன் தேக்கில் வாசற்கதவு செய்து வைத்துக்கொள்கிறவர்களை நான் நிறையக் கேலி செய்து எழுதியிருக்கிறேன்.

வந்த பெட்டியை அவள் சாண் போட்டு அளந்தாள். பிறகு, "பரவால்ல சார், சின்ன சைஸ் மதர்போர்டு இதுல உக்காரும்" என்று சொல்லி, எந்த வகை என்பதை என் போனுக்கு எழுதி அனுப்பினாள். அன்று அவளுக்குப் பட்டறையில் வேலை. அக்காவும் நானும் ஜங்ஷன் ரோட்டில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் இரண்டு மதர்போர்டுப் பெட்டிகளைத் திறந்து வைத்தார். "எல்லாம் இந்தப் பலகை மேலதாங்க உக்காரும். ப்ராசஸர் எதுவோ அதுக்கேத்த சாக்கெட் இருக்கணும், ரேம் பொருந்தணும், அப்புறம் பலகை உங்க கேபினெட்டுல அடங்கணும். கேபினெட் என்ன சைஸுங்க?"

"நல்ல சைஸுதான்" என்றேன்.

அக்கா இரண்டையும் குனிந்து பார்த்தார். பச்சைக் காய்கறி வாங்கும்போது பார்க்கிற அதே பார்வை. "இதுல எதுக்கு ரெண்டு பள்ளம்?"

"ரேம் சொருகறதுக்கும்மா."

"அதுல?"

"அதுல நாலும்மா. ஆனா நீங்க ரெண்டுதான் போடப் போறீங்க இப்ப."

"இப்ப" என்றார் அக்கா. அந்த ஒரு சொல்லில் கடைக்காரர் பாதி தோற்றுவிட்டார்.

நான் என் கடமையைச் செய்தேன். "அக்கா, சின்னதே போதும்னு எழுதியிருக்காங்க பாருங்க."

"அவ எனக்காவ கொறைச்சு எழுதியிருப்பா சார். அவளுக்குப் பெரிசு வோணும்னு இருக்கும், கேக்க மாட்டா." கடைக்காரரிடம் திரும்பினார். "அந்தப் பெரிசையே குடுப்பா. கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்."

"சாருக்கு ஓகேவா?" என்று அவர் என்னைக் கேட்டார். கம்ப்யூட்டர் சார் என்கிற பெயரைச் சுமந்துகொண்டு ஒருவன் என்ன சொல்ல முடியும்? "சாக்கெட் பொருந்துதா?" என்று கேட்டேன். அது ஒன்றுதான் நான் வீடியோ பார்த்து மனப்பாடம் செய்திருந்த வாக்கியம். பொருந்தும் என்றார். நான் ஆழமாகத் தலையாட்டினேன்.

சாப்பாட்டு மேஜை மேல் பூட்டும் வேலை ஆரம்பமானது. மருமகள் முதலில் கையால் இரும்புக் கதவைத் தொட்டுவிட்டு வந்தாள். உடம்பில் இருக்கிற மின்சாரம் பலகையில் பாய்ந்துவிடக் கூடாதாம். அதைப் பார்த்து அக்காவும் போய்த் தொட்டுவிட்டு வந்தார், இரண்டு கையாலும். சாக்கெட்டின் சின்னக் கம்பியைத் தூக்கி, மூலையில் இருந்த முக்கோணக் குறியைப் பார்த்து, ப்ராசஸரை அமுக்காமல் அப்படியே வைத்தாள். உள்ளே ஆயிரக்கணக்கில் முடி போன்ற ஊசிகள், ஒன்று வளைந்தால் போயிற்று என்றாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். என் பங்கு டார்ச் அடிப்பது.

"இது சூடாவுமா?" என்று கேட்டார் அக்கா.

"ஆவும் அத்தை. அதான் மேல ஃபேன். தொண்ணூறு டிகிரி தாண்டுனா தானே நின்னுடும்."

"தொண்ணூறா!" அக்கா சிரித்த சிரிப்பில் டார்ச் ஆடியது. ஆயிரத்து இருநூறு டிகிரியில் சூளை வைத்திருக்கிறவர். "அதுல என் மண்ணு காயக்கூட காயாதுடி."

பிறகு பலகையைத் தூக்கிக் கேபினெட்டுக்குள் வைத்தாள். வைத்தாள் என்றால், வைக்கப் பார்த்தாள். பலகை ஒரு பக்கம் உள்ளே போனால் மறுபக்கம் நான்கு விரல் வெளியே நின்றது. திருப்பிப் பார்த்தோம். சாய்த்துப் பார்த்தோம். ரயில் பெட்டியில் சின்ன சீட்டுக்கு அடியில் பெரிய டிரங்குப் பெட்டியைத் தள்ளுகிறவர்கள் போல மூன்று பேரும் மூன்று பக்கம் நின்றோம்.

"இது பெரிய போர்டு" என்றாள் மருமகள், மிக மெதுவாக. "நான் சின்னது எழுதியிருந்தேன்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் டார்ச்சை அணைத்தேன்.

கடைக்காரர் மாற்றித் தருகிறேன் என்றார். அக்கா மறுத்துவிட்டார். "பெரிசு பெரிசாவே இருக்கட்டும். பொட்டிதான சின்னது? பொட்டியை நாம பண்ணிக்குவோம். பீங்கான்ல ஒரு தட்டு ஊத்தி, இந்த ஓட்டைக்கு நேரா சின்னச் சின்னக் கால் வச்சுட்டா, பலகை அதும்மேல உக்காந்துக்கும். பீங்கான்ல கரண்டும் பாயாது. இரும்புல உக்கார வைக்கறதே தப்பு."

உண்மையிலேயே நல்ல யோசனை. மருமகளுக்கே பிடித்துப்போனது. பலகையின் திருகாணி ஓட்டைகளை அளந்து அக்காவிடம் சொன்னாள். அக்கா அச்சுக்காரரிடம் சொன்னார். அச்சுக்காரர் பட்டறையில் மூத்தவர், அக்கா திட்டினாலும் சிரிக்கிற ஒரே ஆள். சொல்லிவிட்டு அக்கா ஒரு காது குத்துக்காகப் பெண்ணாடம் போய்விட்டார். அச்சில் ஊற்றிய தட்டு காய்ந்து, அந்த வாரச் சூளையில் ஃபியூஸ் கட்டைகளோடு கட்டையாக வெந்தது.

சூளை ஆறி, தட்டு வெளியே வந்தபோது நானும் போயிருந்தேன். இரண்டு பேர் பிடித்துத் தூக்கி வந்தார்கள். டீப்பாய் அளவுக்கு இருந்தது. பலகையை அதன் நடுவில் வைத்தால், கல்யாண இலையில் வைத்த ஒற்றை அப்பளம் மாதிரி இருந்தது. ஒரு ஓட்டைகூட ஒரு காலுக்கு நேராக வரவில்லை.

மருமகள் அளவுகோலை எடுத்து அளந்து, வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டாள்.

"அத்தை, நீங்க கூட்டிப் போட்டீங்களா?"

"பின்ன? கூட்டாம எப்படிச் சொல்லுவேன்? கூட்டித்தான் இவருகிட்ட சொன்னேன்."

அச்சுக்காரர் தலையைச் சொறிந்தார். "நீங்க கூட்டியா சொன்னீங்க? வெந்த அளவுன்னு நெனச்சி நானும் கூட்டிட்டேனேக்கா."

"கூறு இருக்குதாய்யா உனக்கு? எத்தினி வருசமா..."

"அத்தை, திட்டாதீங்க." மருமகளின் குரல் என்னவோ மாதிரி இருந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "நானும் கூட்டிட்டுத்தான் உங்ககிட்ட சொன்னேன்."

அச்சுக்காரர் முதலில் வெடித்தார். நான் அடுத்து. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மூன்று பேர் ஆளுக்கொரு தடவை கூட்டியதில், சூளை தின்றது ஒருத்தருடைய பங்கை மட்டும்தான். மீதி இரண்டு பேருடைய பங்கு அங்கே வெள்ளைவெளேரென்று கிடந்தது.

சிரிப்பு அடங்கியதும் மருமகள் அளவுகோலைத் துடைத்துக் கீழே வைத்தாள். "அத்தை, இது நம்ம வூட்டுத் தட்டு, போனா போவுது. அந்தக் கம்பெனிக்கு அனுப்பற மாதிரித் தட்டு இப்படி வந்துச்சுன்னா? துளை ஒரு நூலு தள்ளினாலும் கம்பி ஏறாது. இனிமே கூட்டறது ஒரே ஆளுதான். வரையும்போது நான் கூட்டிடுவேன். அதுக்கப்புறம் யாரும் தொடக் கூடாது." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்களும்."

பட்டறையில் எல்லாக் கையும் நின்றது. அந்தப் பட்டறையில் அக்காவிடம் 'நீங்களும்' என்று சொன்ன முதல் ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன். அக்கா தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மருமகள் அசரவில்லை. பலகை வந்த அட்டைப்பெட்டியையே கவிழ்த்து அந்தப் பெரிய தட்டின் மேல் வைத்து, அதன் மேல் பலகையை வைத்தாள். "இப்படியேகூட ஓடும் சார். பொட்டியெல்லாம் அப்புறந்தான்." நாங்கள் இரண்டு வாரமாகத் தலைகீழாக நின்றது இதற்குத்தானா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. வயர்களை மாட்டினாள். பவர் பட்டன் கேபினெட்டோடு போய்விட்டதால், பலகையில் இருந்த இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டு உசுப்ப வேண்டுமாம். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்று, ஆதரவாக எட்டிப் பார்த்தேன்.

தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டாள். ஒன்றுமில்லை.

"மதர்போர்டு அவுட்" என்றேன். டாக்டர்கள் சொந்தக்காரர்களிடம் சொல்கிற குரல் எனக்குத் தானாக வந்தது. "அன்னைக்கு ஊசி ஏதாவது வளைஞ்சிருக்கும்மா. மனசைத் தேத்திக்க."

"சார், மேல பாருங்க."

மேலே மின்விசிறி நின்றுகொண்டிருந்தது. தெரு முழுக்க மின்சாரம் இல்லை.

மின்சாரம் வந்ததும் பலகை கண்ணைத் திறந்து ஓட ஆரம்பித்தது. பட்டறைத் தூசி படாமல் இருக்க, சாப்பாட்டின் மேல் கவிழ்க்கிற வலைக்கூடையை அதன் மேல் கவிழ்த்தாள். அந்த வலைக்கூடைக்கு அடியில் இருந்தபடியேதான் வட்டத் தட்டின் வரைபடம் முழுவதும் உருவாகிச் சென்னைக்குப் போனது. சரி, மாதிரி செய்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

அன்று மாலை அக்கா ஒரு குண்டான் நிறையச் சுண்டலோடு மாடிக்கு வந்தார். சாப்பிட நானும் என் மனைவியும் மட்டும்தான்.

"அளவை அவ எடுத்துக்கிட்டா, அப்புறம் நான் என்னா சார் பண்றதாம்?"

"மேற்பார்வை பாக்கலாம்க்கா."

"அப்படின்னா?"

"ஆபீசுல நான் பண்றேனே, அதான்."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அய்யய்யோ" என்றார். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார். சுண்டலை இன்னும் ஒரு கரண்டி என் தட்டில் வைத்தார்.

பிறகு, குண்டானைப் பார்த்துக்கொண்டே, "அவ இருந்துடுவாளா சார்?" என்று கேட்டார். குறைக்காமல், மடிக்காமல், அவர் கேட்டு என் காதில் விழுந்த ஒரே கேள்வி அது. இருப்பாள் என்றேன். வழக்கம்போல அதில் எட்டில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. குண்டானை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மாதிரிக்கு மண் ஊற்றிய அன்று அக்கா அச்சுக்காரரின் பக்கத்தில் போய் நின்றதை ஜன்னலில் பார்த்தேன்.

"நீ கூட்டுனியா?"

"இல்லக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

நாலடி போனார். திரும்பி வந்தார். "துளிக்கூட?"

"அக்கா, அந்தப் பொண்ணு எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்குது. எத்தினி சத்தியந்தான் நான் பண்றது?"

சூளை திறக்கிற நாள் காலையில் அக்கா பட்டறைக்குப் போகவில்லை. எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டார். "எதனா பேசுங்க சார்" என்றார். எங்கள் மேலதிகாரி பற்றி ஆரம்பித்தேன். நல்ல கதை, நான்கு பேர் நடுவில் சொன்னால் நிச்சயம் சிரிப்பார்கள். அக்கா கேட்கவே இல்லை. கீழே சூளைக் கதவின் செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"அத்தை!"

அக்கா எழவில்லை. "என்னா?"

"வந்து பாருங்க!"

"நீயே சொல்லு."

"சரியா இருக்குது அத்தை!"

"எவ்ளோ சரி?"

"அளவுக்கு அளவு! பதினாறு துளையிலயும் கம்பி ஏறுது!"

அக்கா படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கடைத்தெருவுல நல்ல நாற்காலி எங்க சார் கெடைக்கும்?" என்று கேட்டார். "வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டு வரையிறா. முதுகு என்னாத்துக்கு ஆவும்?"

நானும் அந்த வீட்டில் இருந்து கொஞ்சம் கற்றிருந்தேன். "நான் போயிட்டு வரேன்க்கா. நல்லாப் பெரிசாவே பாத்து எடுத்துட்டு வரேன்."

"நீங்க போவ வோணாம். நானும் போவல." எழுந்து, சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா, கடைக்குப் போயி ஒரு நாற்காலி எடுத்துக்கிட்டு வா. உக்காந்து பாத்து எடு. உனக்கு எது சரியா இருக்குதோ அதை."

கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. "நாற்காலியா? அப்ப சென்னைக்குப் போவ வோணாங்கறீங்களா?"

அக்கா வாயைத் திறந்தார். மூடினார். "அளவெல்லாம் இனிமே நீதான? அதையும் நீயே பாத்துச் சொல்லு."

"வரலைன்னு சொல்லிட்டேன் அத்தை. காலையிலயே போன் பண்ணிட்டேன்."

அக்கா மறுபடியும் படியில் உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் திரும்பி, எனக்கு விளங்காமல் போய்விடுமோ என்பது போல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"காலையிலன்னா, சூளையைத் தொறக்கறதுக்கு முன்னாடி சார்."